ஓடைநல்லூரின் மாக் பாதை

வெள்ளைக்காரன் இந்த நாட்டை விட்டுப் போகும்போது ரயில், தபால், கோர்ட்டு, கிரிக்கெட் என்று எத்தனையோ விட்டுப் போனான். ஆனால் அவன் விட்டுப்போன சொத்துகளிலேயே விலைமதிப்பற்றது 'மாக்' என்கிற ஒற்றைச் சொல்தான் என்பது ஓடைநல்லூர் ஊராட்சிச் செயலர் திரு. சுகுமார் அவர்களின் ஆய்வு முடிவு. ஒத்திகையை 'மாக் டிரில்' என்கிறார்களே, அந்த மாக். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பஸ்ஸில் ஏறி, ஏரிக்கரை ஸ்டாப்பில் இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: சுகுமார் சார் இருக்கிற இடத்தில் எல்லாமே நடக்கும், எதுவும் நடந்திருக்காது.

இந்தச் சொல் கைக்கு வருவதற்கு முன் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டும் கலையில் அவர் பழுத்த அனுபவசாலி. ஆனால் அந்தக் கலைக்குத் தமிழில் கௌரவமான பெயர் கிடையாது. 'சும்மா' என்றால் சோம்பேறி என்கிறார்கள். 'பேருக்கு' என்றால் பித்தலாட்டம் என்கிறார்கள். 'பொய்' என்றால் பாவம், 'நடிப்பு' என்றால் கூத்தாடி. என்றைக்கோ கால்வாய் தூர் வாரியபோது எடுத்த போட்டோவையே கோணம் மாற்றி மாற்றி வருஷக்கணக்கில் மேலிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் மனசாட்சி, என்ன நோய் என்று டாக்டர் சொல்லாத நோயாளி மாதிரி உள்ளுக்குள் அவதிப்பட்டுக்கொண்டிருந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த பயிற்சி முகாமில்தான் அதற்கு விடிவு பிறந்தது. மக்கள் பங்கேற்பை 'மேம்படுத்தும்' நிறுவனம் ஒன்று சென்னையிலிருந்து ஜெயப்பிரியா என்ற பயிற்சியாளரை அனுப்பியிருந்தது. அந்தம்மா கையில் மைக்கைப் பிடித்தபடி, "மாக்னா என்ன, யாராவது சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

"பொய், மேடம்" என்றார் பின்வரிசைச் செயலர் ஒருவர்.

"நோ. பொய் சொன்னா எதிர்ல இருக்கிறவருக்குத் தெரியக்கூடாது. மாக்ல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் யாரும் சொல்ல மாட்டாங்க. அதுதான் வித்தியாசம்."

சுகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் தான் செய்துவந்தது மோசடி அல்ல, பயிற்சி என்று அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

ஊர் திரும்பியதும் சொல்லின் பயன்பாட்டை அவர் விரிவுபடுத்தினார். பள்ளிக்கூடத்தில் வைக்கோலைக் கொளுத்தி மாக் தீ விபத்து. வாட்டர் டேங்க்கில் ஆளை மட்டும் ஏற்றி இறக்கி மாக் சுத்தம். ஓடைநல்லூருக்கு ஊராட்சித் தலைவர் பாஞ்சாலி. ஆனால் தலைவர் நாற்காலியில் உட்கார்வது அவர் கணவர் தாமோதரன். கூட்டம் நடக்கும்போது பாஞ்சாலியம்மா வீட்டில் நெல் அவித்துக்கொண்டிருப்பார். ஊர் இதை அநியாயம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. "அநியாயம் இல்ல, மாக் தலைவர்" என்று சுகுமார் விளக்கியதும் முணுமுணுப்பு அடங்கியது. இருவரில் யார் மாக் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. வேலை போய்விடும்.

ஆனால் ஓடைநல்லூரில் மாக்குக்கு அடங்காத ஆள் ஒருவர் இருந்தார். பெயர் வேதகிரி. காலனிக்காரர். நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர். கிராம சபை கூடினால் எல்லாரும் டீ குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். வேதகிரி மட்டும் எழுந்து நின்று பேசுவார். காந்தி ஜெயந்தி, குடியரசு தினம், மே தினம் என்று எந்த நாளாக இருந்தாலும் பேச்சு ஒன்றேதான்.

காலனிக்கும் அதன் சுடுகாட்டுக்கும் நடுவில் தாமோதரனின் வயல். அந்த வயலுக்குள் ஒரு வண்டிப்பாதை இருந்தது. அரசாங்க நிலம். இது தாமோதரனுக்குத் தெரியும், சுகுமாருக்குத் தெரியும், தாலுகா ஆபீஸுக்கும் தெரியும். பாதையையும் சேர்த்து உழுது நெல் போட்டு, சுற்றிலும் கம்பி வேலியும் கேட்டும் போட்டாகிவிட்டது. அதனால் காலனியில் யார் செத்தாலும் கால்வாய்க்குள் இறங்கித்தான் பாடையைத் தூக்கிப்போக வேண்டும். கோடையில் சேறு, மழையில் வெள்ளம்.

இந்தச் சூழ்நிலையில்தான் ஜெயப்பிரியா ஓடைநல்லூரில் ஒரு 'மாக் கிராம சபை' நடத்த முடிவு செய்தார். நிஜ கிராம சபையில் மக்கள் பேச மறுக்கிறார்களாம். அதனால் ஒத்திகை பார்க்க வேண்டுமாம். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே குடவோலை போட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த மண் இது" என்று அவர் தொடக்க உரையில் நெகிழ்ந்தார். பிறகு ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு அட்டையைக் குத்தினார். வேதகிரிக்கு 'மனுதாரர்' அட்டை. தாமோதரனுக்கு 'நில உரிமையாளர்' அட்டை. மனுதாரர் தெருவிளக்கு கேட்க வேண்டும், அதிகாரி உடனே தர வேண்டும், எல்லாரும் கைதட்ட வேண்டும். கேமரா ஓட ஆரம்பித்தது.

வேதகிரி எழுந்தார். "லைட்டு எரியலன்னாலும் பொழச்சிக்குவோம். எங்களுக்கு சாவத்தான் வழி இல்ல. ஐயா வயல்ல கீற வண்டிப்பாதையை வுடச் சொல்லுங்க."

கூட்டத்தில் எல்லாத் தலையும் தாமோதரன் பக்கம் திரும்பியது. ஜெயப்பிரியா மட்டும் பூரித்துப்போனார்.

"வாவ். ஸ்கிரிப்ட்லயே இல்லாததைப் பேசறார் பாருங்க. இவ்வளவு ரியலா ஒரு மனுதாரரை நான் எந்த ஊர்லயும் பார்த்ததில்ல. நில உரிமையாளர், நீங்க ரியாக்ட் பண்ணுங்க சார்."

தாமோதரன் சுகுமாரின் காதுக்கருகே குனிந்தார். "இன்னாபா இது, பேஜாரா கீது?"

"ஒண்ணுமில்லண்ணா, மாக்கு. இன்னா வேணாலும் சொல்லலாம். சொன்னதைச் செய்யத் தேவயில்ல."

"அத்தை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்ற தாமோதரன் எழுந்து, நெஞ்சில் கை வைத்தார். "ஏழபாழைங்க போவறதுக்கு ஒரு வழி இல்லாம, நான் மட்டும் நெல்லை வெளைச்சி இன்னாத்தைக் கொண்டுக்கினு போவப்போறேன்? வுட்டுட்டேன்பா. இன்னிலருந்து அது உங்க பாதை."

தர்மம் செய்வது இத்தனை சுகமான காரியம் என்று அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. ஊர் எழுந்து நின்று கைதட்டியது. காலனிப் பெண்கள் இரண்டு பேர் அழுதே விட்டார்கள்.

"வேலியை எப்ப ஐயா பிரிப்பீங்க?" என்று வேதகிரி கேட்டார்.

"கேமராவை ஆஃப் பண்ணிட்டாங்கடா" என்று தாமோதரன் அன்பாகச் சொன்னார்.

விஷயம் இதோடு முடிந்திருக்கும். ஆனால் நல்ல காரியம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. வீடியோ காஞ்சிபுரம் போய், அங்கிருந்து சென்னை போய், யாரோ ஒரு பெரிய அதிகாரி அதைப் பார்த்து உருகிவிட்டார். ஓடைநல்லூர் 'முன்மாதிரி ஊராட்சி' விருதுக்குத் தேர்வாகியிருப்பதாகவும், அந்தப் பாதையை நேரில் பார்க்க தினகரன் என்ற அதிகாரியின் தலைமையில் குழு வருவதாகவும் போன் வந்தது.

சுகுமார் ஆடிப்போய் ஜெயப்பிரியாவுக்குப் போன் போட்டார். "மேடம், பாதையே இல்லையே மேடம்."

"அதனால என்ன சார்? மாக் பாதை போட்டுடுங்க. ஆனா வெறும் பாதையைக் காட்டினா எஃபெக்ட் இருக்காது. அதுல ஒரு சவ ஊர்வலம் போகணும். பிணத்துக்கு ஒரு ஆளைப் பாருங்க."

பிணத்துக்கு ஆள் தேடி சுகுமார் வேதகிரி வீட்டுக்கே போனார். வேதகிரியின் அம்மா சிட்டம்மாள் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். சாப்பாடு இறங்காமல் போய் வாரக்கணக்காகிவிட்டது. ஆனால் காது நன்றாகக் கேட்டது.

"எம்மவனை உசிரோட பாடையில படுக்க வெக்கணும்னு கேக்கறியே நைனா, உனுக்கே நல்லாகீதா?"

"இது மாக்கும்மா. கெட்டது ஒண்ணுமில்ல."

"அவுங்கப்பனைத் தூக்கிக்கினு போவசொல்ல கால்வாய்ல மார் மட்டும் தண்ணி. பாடை ஒரு பக்கம் கவுந்துபோச்சி. வாயெல்லாம் சேறு. செத்தப்புறம் அந்த மனுசன் ஒரு வாட்டி முழுகி எயுந்தாரு. எனுக்கு அது வாணாம். மேளம் வாணாம், பட்டாசு வாணாம். தரை மேல போவணும். அவ்ளோதான்."

சுகுமாருக்கு உட்கார்ந்த இடம் உறுத்தியது. வேதகிரி அம்மாவைப் பார்த்தார். பிறகு, "நான் படுத்துக்கறேன் சார்" என்றார். "ஆனா கிராவல் கொட்டினா கொட்டினதுதானே? அப்பால வாரிட மாட்டாங்களே?"

சுகுமார் "ஆமாம்" என்றார். எந்த வகை ஆமாம் என்று வேதகிரி கேட்கவில்லை.

குழு வரும் நாளன்று வேலி பிரிந்தது. அறுவடை முடிந்து அடுத்த நடவுக்குக் காத்திருந்த வயலில் செக்கச்செவேல் என்று கிராவல் பாதை எழுந்தது. தப்பட்டை முழங்க, பூ இறைய, வேதகிரி மாலையும் கழுத்துமாகப் பாடையில் போனார். எதிரே நின்ற தினகரனைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் பிணம் இரண்டு கையையும் எடுத்து, "வணக்கம் சார்" என்றது. "மரியாதை தெரிஞ்ச ஊர்" என்று தினகரன் மகிழ்ந்தார். பாடை சுடுகாடு வரை போய், அதே பாடையில் வேதகிரியைப் படுக்க வைத்தே திரும்பி வந்தது. பிணமாகப் போன ஆள் எழுந்து நடந்து வந்தால் அது நிஜப் பாதை என்று ஆகிவிடும் என்பது தாமோதரனின் கவலை.

குழுவின் கார் உத்திரமேரூர் தாண்டியிருக்காது. டிராக்டர் வந்து கிராவலை வாரிக்கொண்டு போனது. பக்கத்து ஊரிலும் அன்று ஒரு 'ஆய்வு' இருந்தது. மறுபடியும் வேலி எழும்பியது. வேதகிரி கழுத்து மாலையைக் கழற்றாமல் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்து, மழை வந்தது. ஏரி நிரம்பிக் கால்வாய் கரை புரண்ட ஒரு காலையில் வேதகிரி ஊராட்சி அலுவலக வாசலில் வந்து நின்றார். பின்னால் அவர் மகள் ஷாரோன் குடையோடு நின்றாள். காஞ்சிபுரத்தில் நர்சிங் படிக்கிற பெண். உள்ளே தலைவர் நாற்காலியில் தாமோதரன், எதிரே சுகுமார்.

"ஐயா, அம்மா பூட்டாங்க."

"அடடா. நல்ல மனுஷி. மாலை ஒண்ணு வாங்கி அனுப்பறேன்."

"மாலை வாணாம் ஐயா. வழி வுடுங்க. கால்வாய்ல கழுத்து மட்டும் தண்ணி போவுது."

"அன்னிக்கு வுட்டேனேடா."

"அது மாக்கு ஐயா."

"அதனாலதானே வுட்டேன்? நெஜத்துக்கு வுட்டா நாளைக்கே அது பாதைன்னு ஆயிடும்."

தாமோதரன் கோபப்படவே இல்லை. விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். சுகுமாருக்கு நெஞ்சில் ஏதோ பிசைந்தது. நிஜமாகவே பிசைந்ததால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

வேதகிரி நகரவில்லை. ஷாரோன்தான் பேசினாள். "அப்ப இதையும் மாக்குன்னு வெச்சிக்கோங்க."

மழை ஓட்டின் மேல் கொட்டியது. ஒரு சொல் எத்தனை தூரம் போகும் என்று சுகுமாருக்கே அப்போதுதான் தெரிந்தது. 'மழைக்கால மாக்' ஒன்று வேண்டும், விருது விழாவில் காட்ட வேண்டும் என்று ஜெயப்பிரியா வேறு கேட்டுக்கொண்டே இருந்தார். சுகுமார் உடனே போனை எடுத்தார். "மேடம், மழைக்கால மாக் இன்னிக்கே ரெடி."

"சூப்பர் சார். மழைல விஷுவல் பிரமாதமா வரும். நல்லா எடுத்து அனுப்பிடுங்க."

தாமோதரன் யோசித்தார். மாக் என்றால் அவருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் சட்டம் தெரிந்த மனிதர். "ஒண்ணு கீது. மாக்குன்னா போன பொணம் திரும்பி வரணும். அன்னிக்கு வந்துச்சி. இன்னிக்கி வரலன்னா அது நெஜம்னு ஆயிடும். அத்தையே காட்டி நாளைக்கு கேஸ் போடுவாங்க."

"வரும் ஐயா" என்றார் வேதகிரி.

"எப்டி வரும்?"

"நான் படுத்துக்கினு வரேன்."

தாமோதரன் இதில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. தலையாட்டினார்.

சுகுமார் காலனிக்குப் போய் விதிமுறைகளை விளக்கினார். கேமரா முன் அழலாம். நன்றாகவே அழலாம். மார் அடித்துக்கொள்ளலாம். ஆனால், "'நிஜமாவே பூட்டியே'ன்னு மட்டும் யாரும் வாய் தவறிச் சொல்லிடாதீங்கம்மா." பெண்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

கேட் திறந்தது. கிராவல் இல்லை, பயிருக்கு நடுவே சேற்றில் கால் புதைந்தது. ஆனாலும் அது தரை. மிதக்காத பாடையில், கவிழாத பாடையில் சிட்டம்மாள் போனார். முகத்தில் மழை அடித்தது. ஷாரோன் குடையை நீட்டினாள். "கேமராவுக்கு மறைக்குதும்மா" என்று சொல்ல வாயெடுத்த சுகுமார், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். பிறகு காற்றில் குடை தானே மடங்கிவிட்டது. தப்பட்டை ஈரத்தில் சத்தம் எழுப்பவில்லை. சுடுகாட்டில் குழிக்குள் தண்ணீரை இறைத்து இறைத்து அடக்கம் செய்தார்கள். அதை சுகுமார் படமெடுக்கவில்லை. மாக்கில் அந்தக் காட்சி கிடையாது.

பிறகு வேதகிரி, அம்மா படுத்திருந்த பாடையிலேயே படுத்தார். நாலு பேர் தூக்கினார்கள். அப்போதுதான் மண் போட்டுவிட்டு வந்த கை, விரலிடுக்கெல்லாம் சேறு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே வந்தது; தூக்கியவர்களின் தோளும் அதோடு சேர்ந்து குலுங்கியது. கேட்டருகே குடை பிடித்து நின்ற தாமோதரன் பாடைக்குள் எட்டிப் பார்த்து, ஆள் இருப்பதை உறுதி செய்துகொண்டு, பூட்டைப் போட்டார்.

அன்றைக்கு சுகுமாருக்கு முதன்முறையாக அந்தச் சொல்லின் மேல் அருவருப்பு வந்தது. சோறு இறங்கவில்லை. சாயங்காலம் வீடியோவுக்குப் பாராட்டுகள் வர ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது.

விருது விழா காஞ்சிபுரத்தில் பெரிய மண்டபத்தில் நடந்தது. பயனாளி ஒருவரை அழைத்துவர வேண்டும் என்று உத்தரவு இருந்ததால், சுகுமார் வேதகிரியையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தாமோதரன் பட்டு வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாஞ்சாலியம்மா வரவில்லை, வீட்டில் நெல் வேகிறது. திரையில் மழைக்கால மாக் ஓடி முடிந்ததும் தினகரன் மைக்கைப் பிடித்தார்.

"ஓடைநல்லூர் மக்களுக்கு என் வணக்கம். இப்படி ஒரு ஈடுபாட்டை நான் பார்த்ததில்ல. ஒரே ஒரு குறை. திரும்பி வரும்போது படுத்திருந்தவர் கொஞ்சம் ஓவர் ஆக்டிங். பிணம் அழாது. அடுத்த முறை பார்த்துக்கங்க."

மண்டபம் சிரித்தது. சுகுமார் குறித்துக்கொண்டார்.

"ஆனா போகும்போது படுத்திருந்தாங்களே ஒரு அம்மா, அடேங்கப்பா. அவ்வளவு மழை முகத்துல அடிக்குது, ஒரு இமை அசையல. சிறந்த நடிப்புக்கான கேடயம் அவங்களுக்குத்தான். அம்மா, மேடைக்கு வாங்க."

யாரும் எழவில்லை. தினகரன் இன்னொரு முறை கூப்பிட்டார். சுகுமார் தரையைப் பார்த்தார். தாமோதரன் செல்போனைப் பார்த்தார். வேதகிரி எழுந்து, மெதுவாகப் படியேறிப் போய், கேடயத்தை வாங்காமல் மைக்கின் முன் நின்றார்.

"எங்கம்மா வரமாட்டாங்க சார். அன்னிக்கே அவங்களைப் பொதைச்சிட்டோம். அந்த வயல்ல அன்னிக்கு இருந்தவங்கள்ல நடிக்காத ஆளு எங்கம்மா ஒருத்திதான்."

"வாவ்" என்று முதலில் எழுந்து கைதட்டியவர் ஜெயப்பிரியா. உடனே தினகரனும் தட்டினார், தாமோதரனும் தட்டினார், மண்டபமே எழுந்து நின்று தட்டியது. சுகுமாரும் எழுந்து, எல்லாரையும் விடச் சத்தமாகத் தட்டினார். தட்டாமல் விட்டால் அது நிஜம் என்று ஆகிவிடுமே.